தலையில் அடிபட்ட பிள்ளையிடம் ‘ஆட முடியுமா?’ என்று கேட்காதீர்கள்: போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறார் கால்பந்துப் போட்டிகள் நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அவற்றுக்கு விதி எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் போட்டி விதிகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். காலுறை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஷின் கார்டு இல்லாமல் இறங்கக் கூடாது என்று இருக்கிறது. அணி தாமதமாக வந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, ஆட்டம் டிரா ஆனால் என்ன செய்வது, வயதுச் சான்றிதழில் சந்தேகம் வந்தால் யாரிடம் புகார் கொடுப்பது, அந்தப் புகாருக்கு எவ்வளவு கட்டணம், எல்லாம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. ‘மைதானத்தில் முதலுதவிப் பெட்டி இருக்கும்’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டியில் ஐஸ் பை இருக்கும், பேண்டேஜ் இருக்கும். மூளையதிர்வுக்கு அதில் ஒன்றும் கிடையாது.

கன்கஷன் என்று கோச்சுகள் சொல்லும் இந்த மூளையதிர்வைப் பற்றி இப்போது பலருக்கும் ஓரளவு தெரியும். ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தெரிந்தவர்களும் சரியானதைச் செய்ய முடியாதபடி விதிகள் கையைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்பதுதான் என் புகார். விதியை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் மடலும் உங்களுக்கே வருகிறது.

கடந்த பருவத்தில் 12 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம் ஒன்றை எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார்னரிலிருந்து வந்த பந்துக்கு இரண்டு பையன்கள் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் எங்கள் பக்கம் வரை கேட்டது. ஒருவன் அழுதுகொண்டே ஓரமாக வந்து உட்கார்ந்துவிட்டான். அவன் பரவாயில்லை, நாலு பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். இன்னொருவன் உடனே எழுந்து, ‘ஒண்ணும் இல்ல கோச்’ என்றான். அதற்கப்புறம் நான் அவனை மட்டும்தான் பார்த்தேன். அவிழாத ஷூ லேஸைக் குனிந்து தானே அவிழ்த்து மறுபடி கட்டினான். எதிரணிக்குக் கிடைத்த த்ரோ-இன்னுக்கு இவன் பந்தைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்குப் போனான். எல்லோரும் முன்னேறிய பிறகும் பெனால்டி பகுதிக்குள்ளேயே நின்று, வெயில் கூசுவது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். மேகமூட்டமான நாள் அது.

கோச்சும் கவனித்துவிட்டார். நடுவரைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் பையன்கள் இருந்தார்கள், ஆனால் அனுமதித்த மாற்றங்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. இவனை வெளியே எடுத்தால் மீதி ஆட்டம் முழுவதும் ஓர் ஆள் குறைவு. ‘முடியுமாடா?’ என்று கேட்டார். ‘முடியும் கோச்.’ ஆட்டம் தொடர்ந்தது. மதியம் அடுத்த ஆட்டத்திலும் அந்தப் பையன் இறங்கினான்.

அந்தக் கோச் கல்நெஞ்சக்காரர் இல்லை. பயிற்சி முடிந்து கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும் வரை மைதானத்தில் காத்திருக்கும் மனிதர். பையன் நலமா, அணி தோற்கலாமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் அவரை நிறுத்தியது உங்கள் மாற்று ஆட்டக்காரர் விதி.

மண்டையோட்டுக்குள் மூளை அசையாமல் பொருத்தி வைத்த உறுப்பு அல்ல. வேகமாகப் போகும் தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ உள்ளே மூளை குலுங்குகிறது, முறுக்கப்படுகிறது, நரம்பணுக்களின் வேலை கொஞ்ச காலத்துக்குத் தடுமாறுகிறது. தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. உடம்பில் பலமாக மோதித் தலை வெட்டி இழுபட்டாலும் நேரலாம். பழுது வேலையில்தான், கட்டமைப்பில் இல்லை என்பதால் சிடி ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஸ்கேன் எடுப்பது இரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்று உறுதி செய்துகொள்ள. ‘ஸ்கேன் நார்மல், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு’ என்று அடுத்த நாளே ஷூவை மாட்டி அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். நினைவு தப்பினால்தான் கன்கஷன் என்ற நம்பிக்கையும் போகமாட்டேன் என்கிறது. நினைவு தப்புவது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, மந்தம், காரணமில்லாத எரிச்சல், ‘மூடுபனிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு’ என்ற பேச்சு, இவைதான் அதிகம். சில அறிகுறிகள் மணிக்கணக்கில் தாமதித்தும் வரும். அடிபட்ட இரண்டாவது நிமிடத்தில் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று ஒரு பிள்ளை சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை நம்பி முடிவெடுக்கவும் முடியாது.

தன் நிலையைத் தானே மதிப்பிட வேண்டிய உறுப்புக்கே அடி பட்டிருக்கிறது. கணுக்கால் சுளுக்கினால் பிள்ளை நொண்டும், நமக்குத் தெரியும். இதில் நொண்டுவது தீர்மானிக்கும் திறன்.

பெரியவர்களுக்கே இது எப்படி இருக்கும் என்பதை உலகமே பார்த்தது. 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோப் கிராமர் ஓர் எதிரணி ஆட்டக்காரரின் தோளில் முகம் மோதி விழுந்தார். எழுந்து ஏறக்குறைய கால் மணி நேரம் ஆடினார். நடுவில் நடுவர் நிக்கோலா ரிட்சோலியிடம் போய், ‘இது இறுதியாட்டமா?’ என்று கேட்டார். நடுவர் ஏதோ சரியில்லை என்று ஜெர்மனி ஆட்டக்காரர்களிடம் சொன்ன பிறகுதான் அவர் வெளியே வந்தார். அணி மருத்துவர், எத்தனையோ கேமராக்கள், கோடிக்கணக்கான கண்கள், இவ்வளவும் இருந்த இடத்தில் நடந்தது இது. ஒரு விசிலும் ஒரு தண்ணீர்க் கேனும் மட்டும் இருக்கும் நம் மைதானத்தில் 11 வயதுப் பிள்ளையிடம் ‘முடியுமா?’ என்று கேட்டு என்ன பதிலை எதிர்பார்க்கிறோம்? அடுத்த ஆட்டத்தில் இடம் போய்விடுமோ என்ற பயம், கோச்சுக்குப் பிடிக்காமல் போகுமோ என்ற கவலை, கோட்டுக்கு வெளியே கத்திக்கொண்டிருக்கும் அப்பா, இவ்வளவையும் தாண்டி அந்தப் பிள்ளை உண்மை சொல்ல வேண்டும். கேள்வியே தப்பு.

தொடர்ந்து ஆடினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஆகக்கூடியதை முதலில் சொல்கிறேன். 2016-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, கன்கஷன் ஏற்பட்ட 69 இளம் ஆட்டக்காரர்களை ஒப்பிட்டது. உடனே வெளியேறியவர்கள் தேறச் சராசரியாக 22 நாள் ஆனது. அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள். வெற்றியை மட்டும் யோசிக்கும் கோச்சுக்கும் இந்தக் கணக்கு புரியும்.

அரிதாக நடப்பது இதைவிடக் கொடியது. முதல் அதிர்ச்சி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால், மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிரே போகலாம். இரண்டாம் அடி நோய்க்குறி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பதிவானவை கிட்டத்தட்ட எல்லாமே பதின்ம வயதினருக்கும் இளைஞர்களுக்கும் நேர்ந்தவை. கனடாவின் ஒன்ராறியோவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி, பள்ளி ரக்பி அணியின் கேப்டன், 2013 மே மாதம் இப்படித்தான் இறந்தார். அதற்கு முந்தைய சில நாள்களிலும் அவருக்குத் தலையில் அடிபட்டிருந்தது. தனக்குக் கன்கஷனாக இருக்குமோ என்று தோழியிடம் குறுஞ்செய்தியில் பேசியிருக்கிறார். பெரியவர்கள் காதுக்கு அது எட்டவில்லை. 2018-இல் அந்த மாகாணம் ரோவன் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்னால், அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டும் அதே ஆட்டத்தில் திரும்ப இறங்கி மூளையில் பெரும் பாதிப்புக்கு ஆளான 13 வயது சிறுவன் சாக்கரி லிஸ்டெட்டின் பெயரில் வாஷிங்டன் மாநிலம் 2009-இல் சட்டம் இயற்றியது. சந்தேகம் வந்தாலே வெளியே, மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்பக் கூடாது என்பது அதன் சாரம். 2014-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டங்கள் வந்துவிட்டன. ஆட்டங்கள் வேறு வேறு. மூளை ஒன்றுதான்.

இனி உங்கள் அட்டவணையைப் பார்ப்போம். இரண்டு நாள் போட்டியில் ஓர் அணி நான்கு, ஐந்து ஆட்டம் ஆடுகிறது. காலையில் ஒரு மைதானம், மதியம் இன்னொன்று. நடுவர் வேறு, சில நேரம் கூட வரும் கோச்சும் வேறு. காலையில் தலை மோதிய பையனைப் பற்றி மதிய நடுவருக்கு எதுவும் தெரியாது. யாரும் எழுதி வைப்பதில்லை, எழுதச் சொல்லி விதியும் இல்லை. இரண்டாவது அடி விழுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை யோசித்தாலும் செய்ய முடியாது. இதை வேண்டுமென்று செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் முழுப் போட்டியையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறவர்கள் நீங்கள் மட்டும்தான். கோச்சுக்குத் தன் அணி தெரியும், பெற்றோருக்குத் தன் பிள்ளை தெரியும். எல்லா ஆட்டத்தின் தாளும் வந்து சேருவது உங்கள் மேசைக்கு.

‘தலையால் முட்டுவதைத் தடை செய்துவிட்டால் தீர்ந்தது’ என்பவர்களும் இருக்கிறார்கள். பாதி சரி. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-இல் 10 வயது வரையிலான பிள்ளைகள் ஹெட் செய்வதை நிறுத்தியது. 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் அளவு வைத்தது. இங்கிலாந்துச் சங்கம் 2020-இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெடிங்கை விலக்கியது. 2024-25 பருவத்திலிருந்து 11 வயதுக்கு உட்பட்ட ஆட்டங்களிலும் படிப்படியாக எடுக்கத் தொடங்கியது. இவற்றின் பின்னணியில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு என்று அது கண்டது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டிப் பயமுறுத்துவது நியாயமில்லை. ஆனாலும் சிறுவயதில் ஹெடிங்கைக் குறைப்பதில் ஆட்டத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பந்தைக் காலில் வைத்துக்கொள்ளப் பழகட்டுமே.

மீதிப் பாதி என்னவென்றால், கன்கஷனுக்குப் பந்தைவிட ஆள்தான் பெரிய காரணம். ஒரே பந்துக்கு எழும்பும் இரண்டு தலைகள், உயரும் முழங்கை, தாழப் பாயும் கோல்கீப்பர் மேல் வந்து மோதும் முழங்கால், கோல் கம்பம், கடினமான தரை. ஹெடிங் இல்லாத ஆட்டத்திலும் இவற்றில் பல இருக்கும். அதனால்தான் தடைக்கு அப்புறமும் விதி வேண்டும் என்கிறேன். கோல் கம்பத்தைத் தரையோடு கட்டாமல் நிறுத்தி வைப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். சாய்ந்து விழுந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். இப்போதைக்கு, கட்டுங்கள். பந்தின் அளவும் வயதுக்குப் பொருந்த வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் 5-ஆம் எண் பந்தைக் கல் மாதிரி காற்றடித்துக் கொடுக்காதீர்கள்.

மென்மையான தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கலாமே என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். நல்லெண்ணம்தான். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வில், கவசம் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் கன்கஷனில் வித்தியாசம் தெரியவில்லை. பிரபல கோல்கீப்பர் பீட்டர் செக் தலைக்கவசத்தோடு ஆடினாரே என்றால், அவருக்கு 2006-இல் மண்டையோடு உடைந்தது. எலும்பைக் காப்பது வேறு, உள்ளே மூளை குலுங்காமல் பார்ப்பது வேறு. பணத்தை அதில் போடுவதைவிட ஒவ்வொரு மைதானத்துக்கும் முதலுதவி தெரிந்த ஒருவரை அமர்த்துவது மேல். சிறுமிகள் ஆடும் மைதானத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கால்பந்தில் சிறுவர்களைவிடச் சிறுமிகளுக்குக் கன்கஷன் விகிதம் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. நான் போன போட்டிகளிலோ அவர்கள் ஆட்டம் எப்போதும் கடைக்கோடி மைதானத்தில், முதலுதவி மேசைக்கு எட்டாத தூரத்தில்தான் நடக்கிறது.

சரி, நான் கேட்பது என்ன? தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்த பிள்ளையை வெளியே எடுக்கச் சொல்லும் உரிமை நடுவர், இரு அணிக் கோச்சுகள், முதலுதவியாளர், அந்தப் பிள்ளையின் பெற்றோர், எவருக்கும் இருக்க வேண்டும். ஒருவர் சொன்னால் போதும், இன்னொருவர் அதைத் தட்டிவிட முடியக் கூடாது. வெளியே போன பிள்ளைக்குப் பதிலாக இறங்குபவர் மாற்றங்களின் கணக்கில் வரக் கூடாது. வெளியே போன பிள்ளை அந்தப் போட்டி முடியும் வரை திரும்ப இறங்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. ‘எங்கள் போட்டியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், எங்களுக்கு எதற்கு இது?’ என்று சில அமைப்பாளர்கள் கேட்கலாம். பிள்ளையை எளிதாக வெளியே எடுக்க விடும் அதே விதி, ஐந்து நிமிடம் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு எளிதாகத் திருப்பி அனுப்பவும் விடுகிறது. நான் பார்த்ததில் இதுதான் அதிகம்.

கூடுதல் மாற்றம் கிடைக்கிறதே என்று பொய்யாகத் தலையைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். விதி வகுக்கும் உலக அமைப்பான இஃபாப் 2021-இலேயே நிரந்தர கன்கஷன் மாற்றத்தை, அதாவது அடிபட்டவர் திரும்ப இறங்காமல், மாற்றங்களின் கணக்கில் வராத ஒருவர் அவருக்குப் பதிலாக இறங்குவதை, சோதனை முறையில் தொடங்கி, 2024 ஜூலை முதல் எந்தப் போட்டியும் ஏற்றுக்கொள்ளலாம் என்று விதியிலேயே சேர்த்துவிட்டது. ஓர் அணி அந்த மாற்றத்தைப் பயன்படுத்தினால் எதிரணிக்கும் ஒரு கூடுதல் மாற்றம் கிடைக்கும் என்பது அவர்கள் ஏற்பாடு. அதோடு, நடிக்கும் பையன் மீதி ஆட்டங்கள் எதிலும் ஆட முடியாது என்றால் எந்தக் கோச் தன் நல்ல ஆட்டக்காரனை நடிக்கச் சொல்வார்?

‘எங்களிடம் டாக்டர் இல்லை’ என்பது அடுத்த பதில். வெளியே எடுக்க டாக்டர் தேவையில்லை, திரும்ப அனுப்பத்தான் தேவை. ஆம்ஸ்டர்டாமில் 2022-இல் கூடிய வல்லுநர் மாநாட்டுக்குப் பின் புதுப்பிக்கப்பட்ட கன்கஷன் கண்டறியும் தாள், மருத்துவம் படிக்காதவர்களுக்காகவே எழுதப்பட்டது. யாரும் அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். அதில் சிவப்பு எச்சரிக்கை என்று குறித்தவை வந்தால் ஆம்புலன்ஸ்தான்: கழுத்து வலி, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், பார்வை இரண்டாகத் தெரிதல், நினைவு தப்புதல், குழப்பமோ படபடப்போ ஏறிக்கொண்டே போதல். இவற்றை ஒரு துண்டுச்சீட்டில் அடித்து, அடிபட்ட பிள்ளையின் வீட்டாரிடம் கொடுத்தனுப்புங்கள். முதல் சில மணி நேரம் பிள்ளையைத் தனியே விடக் கூடாது, டாக்டரைக் கேட்காமல் மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது என்பதையும் சேருங்கள். இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கப் போடுவது பழைய வைத்தியம். இப்போது சொல்வது முதல் ஒன்றிரண்டு நாள் போன், டிவியைக் குறைத்து நிதானமாக இருப்பது, பிறகு மெல்ல நடமாட்டம், முதலில் பாடம், அப்புறம்தான் பந்து. பிரிட்டன் 2023-இல் அடிமட்ட விளையாட்டுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் 21 நாளுக்கு முன் போட்டி ஆட்டம் கூடாது என்கிறது. நீங்களும் அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

‘நாங்கள் ஆடாத ஆட்டமா, எங்களுக்கு என்ன ஆனது?’ என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களோடு ஆடித் தலையில் அடிபட்ட அணி நண்பர்களிடமே அவர்களை அனுப்பிவிடலாம்.

கடைசியாக ஒரு பதிவேடு. ஆட்ட எண், சட்டை எண், நிமிடம், என்ன பார்த்தோம் என்று நாலே கட்டம். உங்கள் மேசையில் கிடக்கட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் நடுவர் அணிப் பட்டியலை வாங்க வரும்போது அதை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகட்டும். அணிகளுக்கு அனுப்பும் பதிவுப் படிவத்திலும் ஒரு வரி கூட்டுங்கள்: ‘கடந்த 21 நாளில் தலையில் அடிபட்டவர் யாராவது உண்டா?’ பள்ளிக்கு ஒரு நாள், கிளப்புக்கு ஒரு நாள் என்று ஆடும் பிள்ளைகள் நிறைய. ஓரிடத்தில் பட்ட அடி இன்னோரிடத்துக்குத் தெரிய இது ஒன்றுதான் வழி.

அடுத்த பருவத்தின் விதிகள் அச்சுக்குப் போகும் முன் அணி மேலாளர்கள் கூட்டம் இருக்கும். அதில் இதை வாசித்து வாக்குக்கு விடுங்கள். பதிவேட்டை எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே வந்து மேசையில் உட்காருகிறேன், இரண்டு நாளும். என் மகன் ஆடும் ஆட்டங்களுக்கு மட்டும் வேறு யாரையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
11 வயது ஆட்டக்காரன் ஒருவனின் அம்மா